கம்ப்யூட்டருக்கு நாடி பார்க்கும் கோடுகள்

லேபில் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகர ஆரம்பித்தால் நாம் செய்கிற முதல் காரியம் என்ன? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து ஒரு அழுத்து. 'டாஸ்க் மேனேஜர்' வந்து நிற்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போனால் ஒரு கோடு மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, "சி.பி.யு. இருபது பெர்சன்ட்தான்டா, மிஷின் நல்லாத்தான் இருக்கு" என்று ஒருவன் தீர்ப்பு சொல்வான். "வைரஸா இருக்கும்" என்பான் இன்னொருவன். அப்புறம் ரீஸ்டார்ட். அத்தோடு நம் ஆராய்ச்சி முடிந்தது!

அந்தக் கோடு எத்தனை நொடிக்கு ஒரு தடவை அளந்து போடப்பட்டது, அதன் உச்சி எவ்வளவு, அடி எவ்வளவு, அது ஒரு அளவா அல்லது பல அளவுகளின் சராசரியா என்று யாரும் கேட்பதில்லை. இவை எல்லாமே நாம் மாற்றிக்கொள்ளக்கூடியவை. மாற்றினால் படம் மாறும். படம் மாறினால் நாம் சொல்கிற தீர்ப்பும் மாறும். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

இ.சி.இ. நண்பர்களுக்கு இதை விளக்க ரொம்ப நேரம் ஆகாது. சி.ஆர்.ஓ. முன்னால் உட்கார்ந்தவர்கள், 'வோல்ட்ஸ் பர் டிவிஷன்', 'டைம் பர் டிவிஷன்' என்ற இரண்டு திருகிகளும் எங்கே நிற்கின்றன என்று பார்க்காமல் அலையின் உயரத்தைச் சொல்வார்களா? ரெக்கார்ட் நோட்டில் அதை எழுதாமல் அலையை மட்டும் வரைந்து கொண்டுபோனால் சார் கையெழுத்துப் போடுவாரா? ஆஸ்பத்திரியில் எடுக்கிற இ.சி.ஜி.யும் அப்படித்தான். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓட வேண்டும், ஒரு மில்லிவோல்ட்டுக்கு ஊசி 10 மில்லிமீட்டர் எழும்ப வேண்டும் என்பது வழக்கமான அளவு. அந்த அளவை அந்தத் தாளிலேயே அச்சடித்துத் தருவார்கள். டாக்டர் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் கோட்டைப் பார்ப்பார். கம்ப்யூட்டர் சார்ட்டிலும் இதே திருகிகள் இருக்கின்றன. மெனுவுக்குள் ஒளிந்திருப்பதால் நாம் தொடுவதில்லை, அவ்வளவுதான்.

நம் ஆரணிக்காரர்களுக்கு சி.ஆர்.ஓ.வும் வேண்டாம், இ.சி.ஜி.யும் வேண்டாம். பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிற கிராஃப் தாள் ஒன்று போதும். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த நண்பர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். விடுதியில் தங்கிப் படிக்கிற வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். ஜக்கார்டு பெட்டிக்கு டிசைன் போடும்போது, கிராஃப்பில் நெடுக்கே ஓடுகிற ஒவ்வொரு வரிசைக் கட்டமும் பாவில் ஒரு இழை. குறுக்கே ஓடுகிற ஒவ்வொரு வரிசையும் ஊடையில் ஒரு இழை, அதாவது ஒரு அட்டை. கட்டத்தில் புள்ளி இருந்தால் அட்டையில் ஓட்டை, கொக்கி தூக்கும். புள்ளி இல்லாவிட்டால் தூக்காது.

கணக்குக்காக, ஒரு அங்குலத்தில் பாவு 100 இழை, ஊடை 80 இழை என்று வைத்துக்கொள்வோம். சதுரக் கட்டம் போட்ட தாளில் 80 கட்டம் அகலம், 80 கட்டம் உயரம் என்று அழகான வட்டப் புட்டா ஒன்று வரைகிறோம். துணியில் அதன் உயரம் சரியாக ஒரு அங்குலம் வரும். அகலம்? 80-ஐ 100-ஆல் வகுத்தால் 0.8 அங்குலம். தாளில் வட்டம், புடவையில் முட்டை! அதனால்தான் டிசைன் தாளில் 8-க்கு 8, 8-க்கு 10, 8-க்கு 12 என்று வெவ்வேறு விகிதத்தில் கட்டம் போட்டு விற்கிறார்கள். கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர்களும் பாவுக் கணக்கு, ஊடைக் கணக்கு இரண்டையும் கொடுத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்கள். கட்டத்தின் நீளமும் அகலமும் தெரியாமல் உருவத்தை நம்பக்கூடாது என்பது நம் ஊர்த் தெருவிலேயே இருக்கிற பாடம்.

டாஸ்க் மேனேஜர் ஜன்னலின் மூலையைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துப் பாருங்கள். அதே சி.பி.யு. கோடு, அதே எண்கள். ஆனால் மலையெல்லாம் மேடாகிவிடும். ஜன்னலை ஒடுக்கினால் மேடெல்லாம் கோபுரமாகிவிடும். 'திடீர்னு ஏறுது' என்று நாம் பயப்படுவதில் பாதி இந்த ஒடுக்கத்தால் வருவதுதான். வில்லியம் கிளீவ்லாந்து என்ற அமெரிக்கப் புள்ளியியல் நிபுணரும் அவருடைய சகாக்களும் 1988-ல் இதை ஆராய்ந்து, கோட்டின் சரிவுகள் சுமாராக 45 டிகிரியில் அமைகிற மாதிரி சார்ட்டின் நீள அகலத்தை வைத்தால் ஏற்ற இறக்கத்தைக் கண் நன்றாகப் பிரித்தறியும் என்று எழுதினார்கள். இதற்கு மெனு எதுவும் வேண்டாம். மவுஸும் ஒரு மூலையும் போதும்.

இப்போது மெனுவுக்கு வருவோம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சி.பி.யு. சார்ட் மீது வலது கிளிக் செய்தால் 'சேஞ்ச் கிராஃப் டு' என்று ஒரு வரி வரும். சாதாரணமாக அது 'ஓவரால் யூடிலைசேஷன்', அதாவது மொத்த உபயோகம் என்பதில் நிற்கும். அதை 'லாஜிகல் பிராசஸர்ஸ்' என்று மாற்றினால் ஒரே படம் நான்கு படமாகவோ எட்டுப் படமாகவோ பிரியும். இது வெறும் அலங்காரம் இல்லை. நான்கு தறி போட்ட கொட்டகையில் ஒரே ஒரு ஆள் விடாமல் நெய்துகொண்டிருக்கிறார், மற்ற மூன்றும் சும்மா இருக்கின்றன என்று வையுங்கள். கொட்டகைக் கணக்கு 25 சதவீதம். அந்த ஆளைக் கேட்டால், "மூச்சு விட நேரமில்லை" என்பார். இரண்டும் உண்மை! ஒரே 'த்ரெட்'டில் ஓடுகிற புரோகிராம் இப்படித்தான். நான்கு பிராசஸர் உள்ள மிஷினில் அது தன் முழு பலத்தோடு ஓடினாலும் மொத்தக் கோடு 25-ஐத் தாண்டாது. எட்டு என்றால் 12.5. நாம் அதைப் பார்த்துவிட்டு 'மிஷின் தூங்குது' என்போம்.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் அந்த ஒற்றை வேலையை ஒரே பிராசஸரில் உட்கார வைக்காது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு கட்டம் முழுக்க நிறைந்து மற்றவை காலியாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று கட்டங்கள் அரைகுறையாக ஆடுவதும் உண்டு. மொத்தக் கணக்கு 25-லோ 12.5-லோ ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றால் அதுதான் அடையாளம்.

அதே வலது கிளிக்கில் 'ஷோ கெர்னல் டைம்ஸ்' என்று இன்னொன்று இருக்கிறது. அதைப் போட்டால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும் பங்கு தனி நிறத்தில் தெரியும். அது ரொம்ப உயரமாக இருந்தால் நம் புரோகிராமைத் திட்டுவதை நிறுத்திவிட்டு டிரைவர், டிஸ்க், நெட்வொர்க் கார்டு பக்கம் தேட வேண்டும். நெட்வொர்க் படத்தில் வேறொரு வேடிக்கை உண்டு. அதன் உச்சி அளவு தானாகவே மாறும். யாருமே நெட் பார்க்காத நேரத்தில்கூட ஏதோ சில கிலோபிட் போய்வருவதை இமயமலை மாதிரி வரைந்து காட்டும். வலது மேல் மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும் அளவைப் பார்த்தால்தான் அது மண்மேடு என்று புரியும்.

இதெல்லாம் தெரிந்து என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நம் ஊரிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டு, அட்டை அடிக்கக் கொடுக்கிற ஒரு சின்ன இடம். உடல், பார்டர், முந்தானை எல்லாம் சேர்ந்த பெரிய டிசைனைத் திறந்தால் மிஷின் நின்றுவிடும். 'சேவ்' கொடுத்தால் டீ குடித்துவிட்டு வரலாம். மிஷின் விற்கிற ஒருவர் வந்து பார்த்து, "பிராசஸர் பழசு, புதுசா வாங்கிடுங்க" என்று நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இங்கே டிசைன் தாமதமானால் அங்கே அட்டை தாமதம். அட்டை வரும்வரை தறி சும்மா நிற்கும். புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற நெசவாளிக்குச் சும்மா நிற்கிற நாளுக்கு யார் கூலி தருவார்கள்? கடைக்காரர் கடன் வாங்கியாவது புது மிஷின் போட்டுவிடலாம் என்ற முடிவில் இருந்தார்.

நானும் என் வகுப்பு நண்பன் ஒருவனும் போனோம். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. கோடு 15, 20 என்று தரையோடு கிடந்தது. "இன்னா தம்பி, அது பாட்டுக்குத் தூங்கிகினு இருக்குது. அப்புறம் ஏன் நின்னு போவுது?" என்றார். நியாயமான கேள்வி!

இங்கேதான் 'பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்' வருகிறது. 1993-ல் வந்த விண்டோஸ் என்.டி. காலத்திலிருந்தே இருக்கும் பழைய சாமான். ஆனால் நம்மில் பலர் திறந்ததே இல்லை. விண்டோஸ் பட்டனோடு 'ஆர்' எழுத்தை அழுத்தி, பி, இ, ஆர், எஃப், எம், ஓ, என் என்று ஏழு எழுத்தைத் தட்டி என்டர் கொடுங்கள். உள்ளே பச்சை நிறக் கூட்டல் குறியை அழுத்தினால் எதை எதை வரைய வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். நாங்கள் மூன்றைச் சேர்த்தோம். பிராசஸர் நேரம், 'அவைலபிள் எம்பைட்ஸ்' (மீதி இருக்கும் மெமரி), 'பேஜஸ் பர் செகண்ட்' (மெமரியில் இல்லாததற்காக டிஸ்க்குக்கு ஓடுகிற ஓட்டம்).

சிக்கல் உடனே தெரிந்துவிடும். இந்த சார்ட்டின் உயரம் 0 முதல் 100 வரை. பிராசஸர் சதவீதம் அதில் ஒழுங்காக உட்காரும். மீதி மெமரியோ 2100. ஸ்கேலை 1-ல் வைத்தபோது கோடு கூரையில் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. எலி பொந்துக்குள் போன மாதிரி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அந்த வரியின் மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போனால் ஒவ்வொரு கோட்டுக்கும் நிறம், தடிமன், ஸ்கேல் மூன்றையும் தனித்தனியாக மாற்றலாம். மெமரிக்கு 0.01 கொடுத்தோம். 2100 என்பது 21 என்ற உயரத்தில் வந்து உட்கார்ந்தது. பேஜஸுக்கு 0.1. இதையெல்லாம் கணக்குப் போட சோம்பலாக இருந்தால் கோடுகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக்கில் 'ஸ்கேல் செலக்டட் கவுன்டர்ஸ்' என்று கொடுத்தால் அதுவே பொருத்திக்கொள்ளும். ஆனால் எது எத்தனை மடங்கு என்பதைக் கீழே உள்ள பட்டியலில் பார்த்து மனதில் வையுங்கள். 21 என்றால் 21 எம்.பி. என்று படித்துவிட்டால் கதை கந்தல்!

அடுத்து நேரம். சாதாரணமாக அது ஒரு நொடிக்கு ஒரு தடவை அளந்து 100 நொடியைக் காட்டும். பெரிய டிசைன் திறக்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிறதே! 'ஜெனரல்' பக்கத்தில் 'டியூரேஷன்' என்பதை 600 நொடியாக்கினோம். இன்னொரு தொந்தரவும் இருந்தது. கோடு வலது ஓரத்தை எட்டியதும் திரும்ப இடது ஓரத்திலிருந்து பழைய கோட்டை அழித்துக்கொண்டே வரும். புதுசு எது, பழசு எது என்று கடைக்காரருக்குப் புரியவில்லை. 'கிராஃப்' பக்கத்தில் 'ஸ்க்ரோல் ஸ்டைல்' என்பதை 'ராப்' என்பதிலிருந்து 'ஸ்க்ரோல்' என்று மாற்றினால் தீர்ந்தது. படம் இடது பக்கமாக நகர்ந்துகொண்டே போகும், புதியது எப்போதும் வலது ஓரத்தில் இருக்கும். கன்ட்ரோலோடு 'ஹெச்' அழுத்தினால் தேர்ந்தெடுத்த கோடு மட்டும் தடித்துத் தெரியும்.

இத்தனையும் வைத்துவிட்டு, "அண்ணே, இப்ப அந்த டிசைனைத் தொறங்க" என்றோம். மெமரிக் கோடு படிக்கட்டில் இறங்குவது போல இறங்கித் தரையைத் தொட்டது. தொட்ட அதே இடத்தில் பேஜஸ் கோடு விருட்டென்று எழுந்து ஆட ஆரம்பித்தது. பிராசஸர் கோடு மட்டும் முன்பு மாதிரியே கீழே கிடந்தது. மூன்றையும் ஒரே காகிதத்தில், ஒரே நேரக் கோட்டில் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. "அப்போ பிராசஸரு சும்மா இல்ல. மெமரி பத்தாம, டிஸ்க்ல இருந்து எடுத்தாற வரைக்கும் காத்துகினு இருக்குது!" அதேதான். இருந்த 4 ஜி.பி.யோடு இன்னொரு 4 ஜி.பி. மெமரி போட்டார். காலி ஸ்லாட் ஒன்று இருந்தது, நல்ல வேளை. கேட்ட நாற்பதாயிரத்தில் மிகச் சின்னப் பங்குதான் செலவு. டீ குடிக்கிற நேரம் போய்விட்டது.

ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்து பதறினார். "தம்பி, சி.பி.யு. இப்ப அறுவது எழுவதுன்னு ஏறுதே!" ஏறத்தானே வேண்டும்! முன்பு ஊடை நூல் வராமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்கு இப்போது நூல் வருகிறது, நெய்கிறார். கோடு உயர்ந்தால் நோய், தாழ்ந்தால் ஆரோக்கியம் என்று ஒரு பொதுவிதி கிடையாது.

லினக்ஸ் பக்கம் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. 'டாப்' ஓடும்போது 1 என்ற எண்ணைத் தட்டினால் பிராசஸர்கள் தனித்தனியாகப் பிரியும், 'டி' தட்டினால் எத்தனை நொடிக்கு ஒரு தடவை என்பதை மாற்றலாம். 'ஹெச்டாப்'பில் எஃப்2 அழுத்தினால் ஒவ்வொரு அளவையும் பட்டையாகவோ எழுத்தாகவோ கோட்டுப் படமாகவோ வைக்கலாம். க்னோம் சிஸ்டம் மானிட்டரில் நெட்வொர்க் வேகத்தை பிட்டில் காட்டவா, பைட்டில் காட்டவா என்று ஒரு விருப்பம் உண்டு. எட்டு மடங்கு வித்தியாசம். "100 எம்.பி.பி.எஸ். லைன் வாங்கினோம், 12-தான் வருது" என்று சண்டை போடுவதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுங்கள்.

சராசரி என்ற ஆசாமியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 1994-ல் டோபியாஸ் ஓட்டிக்கர் என்பவர் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்து டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அந்தப் பல்கலைக்கழகம் முழுவதற்கும் வெளியுலகத்தோடு இருந்தது ஒரே ஒரு 64 கிலோபிட் லைன். அதில் எவ்வளவு போகிறது என்று பார்க்க அவர் எழுதியதுதான் எம்.ஆர்.டி.ஜி. உள்ளே வருவது பச்சை நிரப்பல், வெளியே போவது நீலக் கோடு என்று உலகம் முழுக்க சர்வர் அறைகளில் பார்த்துப் பழகிய படம் அது. அதில் நாள் படம் 5 நிமிட சராசரி. வாரப் படம் 30 நிமிடம். மாதப் படம் 2 மணி நேரம். வருடப் படமோ ஒரு முழு நாளின் சராசரி. பழைய விவரம் இடத்தை அடைத்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரு சர்வர் 30 நொடி 100 சதவீதத்தில் மூச்சுத் திணறுகிறது, மீதி 270 நொடி 10 சதவீதத்தில் இருக்கிறது. 5 நிமிட சராசரி என்ன? 3000-உம் 2700-உம் கூட்டி 300-ஆல் வகுத்தால் 19. வெறும் 19! டிப்ளமோ ரிசல்ட் வருகிற நாளில் நாம் எல்லோரும் ஒரே நிமிடத்தில் ரிஜிஸ்டர் நம்பரைத் தட்டுகிறோம். பக்கம் திறக்காமல் வயிறு கலங்குகிறது. அந்த மாதிரி ஒரு நிமிடம், நாள் சராசரியில் ஒரு கொசு அளவுகூடத் தெரியாது. இதற்குத்தான் எம்.ஆர்.டி.ஜி.யில் 'வித்பீக்' என்று ஒரு விருப்பம் வைத்தார். சராசரியோடு உச்சத்தையும் சேர்த்து வரையும். பெர்ஃபார்மன்ஸ் மானிட்டரிலும் கோட்டின் கீழே கடைசி அளவு, சராசரி, குறைந்தது, கூடியது என்று நான்கு எண்கள் நிற்கும். இ.இ.இ. நண்பர்கள் ரைஸ் மில் மீட்டரில் 'மேக்ஸிமம் டிமாண்ட்' என்று தனியாக ஒன்று ஏன் இருக்கிறது என்று யோசித்தால் போதும்.

அளவுக்கோலின் அடி 0-வில்தான் தொடங்க வேண்டுமா? இதிலும் ஒரே பதில் கிடையாது. சி.பி.யு. சதவீதத்துக்கு ஆம். 3-க்கும் 5-க்கும் நடுவில் ஆடுவதை முழு உயரத்துக்கு இழுத்துக் காட்டினால் அது பூச்சாண்டி. பட்டைப் படத்துக்கும், உள்ளே நிறம் நிரப்பிய படத்துக்கும் கட்டாயம் 0 வேண்டும். அங்கே பரப்பைத்தான் கண் அளக்கிறது. ஆனால் மின்சார ஃப்ரீக்வென்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ். கிரிட்டை 49.90-க்கும் 50.05-க்கும் நடுவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இதை 10 சென்டிமீட்டர் உயரத்தில் 0 முதல் 60 வரை வரைந்தால், 50-லிருந்து 49.5-க்கு விழுவது வெறும் 0.8 மில்லிமீட்டர். பேனாக் கோட்டின் தடிமன்! கன்ட்ரோல் ரூமில் அப்படி ஒரு படம் இருந்தால் கிரிட் படுத்த பிறகுதான் தெரியும். அதையே 49.5 முதல் 50.5 வரை என்று வைத்தால் அதே வீழ்ச்சி 5 சென்டிமீட்டர். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருண்டபோது நாம் தப்பித்தோம். தென் மண்டல கிரிட் 2013 டிசம்பர் 31-ல்தான் மற்ற மண்டலங்களோடு ஒரே ஃப்ரீக்வென்சியில் இணைந்தது. அன்றிலிருந்து அந்த அரை ஹெர்ட்ஸ் நமக்கும் சேர்த்துத்தான்.

நிறத்துக்கு வருவோம். ஆறு கோடு போட்டு ஆறையும் நீலத்தின் ஆறு சாயலில் வைத்து செமினாருக்குக் கொண்டுவருகிற நண்பர்கள் இருக்கிறார்கள். உடல் மாம்பழ மஞ்சள் என்றால் பார்டருக்கு அரக்கு போடுகிற நம் ஊரில் இது நடக்கலாமா? சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நூற்றுக்குச் சிலர் இருக்கிறார்கள். வகுப்பில் ஒருவராவது இருப்பார். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோ ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கறுப்பு வெள்ளையில்தான் வரப்போகிறது. அங்கே சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். ஆகவே தடிமனையும் மாற்றுங்கள். முக்கியமான கோடு தடிமனாக, மற்றவை மெல்லியதாக. ஆறு கோட்டில் மூன்றை எடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு வேலை. லேப் மிஷினில் அரை மணி நேரம் உட்கார்ந்து ஸ்கேல், நேரம், நிறம் எல்லாம் சரி செய்துவிட்டு ஜன்னலை மூடினால் அத்தனையும் போய்விடும். சார்ட் மீது வலது கிளிக் செய்து 'சேவ் செட்டிங்ஸ் ஆஸ்' கொடுத்து பென் டிரைவில் ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள். படம் மட்டும் போதும் என்றால் அங்கேயே 'சேவ் இமேஜ் ஆஸ்' இருக்கிறது. சேவ் செய்வதற்கு முன்னால் 'கிராஃப்' பக்கத்தில் 'டைட்டில்' என்ற காலிக் கட்டத்தில் தேதி, எத்தனை நொடிக்கு ஒரு அளவு, எந்தக் கோடு எத்தனை மடங்கு என்று ஒரே வரியில் தட்டிவிடுங்கள். வைவாவில் வெளியிலிருந்து வருகிற எக்ஸாமினர் முதலில் கேட்பது அதைத்தான்.